ஈரோட்டிலிருந்து வந்த வாரப் பத்திரிகை

நண்பர்களே, பேச வந்தது பெரியார் நடத்திய 'குடி அரசு' வாரப் பத்திரிகை பற்றி. தலைவர்கள் கதை உங்களுக்கே தெரியும், நான் அச்சுக்கூடத்துப் பக்கமாகவே நின்றுகொண்டு பேசுகிறேன்.

1925 மே 2, ஈரோடு. பெரியார் அப்போது இன்னும் காங்கிரஸில்தான் இருக்கிறார். பத்திரிகையைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள், ஒரு சைவ மடத்தின் தலைவர்! பின்னால் அந்தப் பத்திரிகை மதத்தைப் போட்டுக் கிழித்த கிழியை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1927 டிசம்பர் 25 இதழிலிருந்து ஆசிரியர் பெரியாரின் பெயருக்குப் பின்னால் இருந்த 'நாயக்கர்' என்ற சாதிப் பட்டம் காணாமல் போனது. அடுத்தவனுக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் தன் பெயரில் கை வைத்தார், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

1933 அக்டோபரில் 'இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?' என்று ஒரு தலையங்கம். ராஜத்துரோக வழக்கு போட்டு, எழுதிய பெரியாரையும், வெளியிடுபவர் என்று பெயர் போட்டிருந்த பாவத்துக்காக அவர் தங்கை கண்ணம்மாளையும் சிறைக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பே ஜாமீன் தொகை கட்டச் சொல்லிப் பத்திரிகையை நெருக்கியாயிற்று. சரி, குடி அரசு நின்றதா, நவம்பரிலேயே அதன் இடத்தில் 'புரட்சி' என்று இன்னொரு பத்திரிகை வந்துவிட்டது. அதுவும் நின்றது, 1934இல் 'பகுத்தறிவு' வந்தது. 1935 ஜனவரியில் பழையபடி குடி அரசு.

அப்படித் திரும்பி வந்தபோது எழுத்தே மாறியிருந்தது. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள், லை, னை எல்லாம் முன்னால் யானைத் தும்பிக்கை வைத்துக்கொண்டு நிற்கும், ணா, றா, னா மூன்றும் கீழே சுழிந்து கிடக்கும். அச்சுக் கோக்கிறவருக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனி ஈய எழுத்து, தனித்தனி அறை. மற்ற எழுத்துகளுக்குப் போடும் அதே காலையும் கொம்பையும் இவற்றுக்கும் போட்டால் என்ன என்று கேட்டார் பெரியார், கேட்டதோடு நிற்காமல் தன் பத்திரிகையை அப்படியே அச்சடித்தார். ஊரில் சொந்த அச்சுக்கூடம் இருந்ததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பத்திரிகை 1949இல் நின்றுபோனது. அந்த எழுத்தை அரசு ஏற்றது 1978இல், அதாவது அவர் அப்படி அச்சடித்து 43 வருஷம் கழித்து. அதிலும் ஐ, ஔ வேண்டாம், அய், அவ் என்றே எழுதலாம் என்று அவர் சொன்னதை எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இன்றைக்கும் 'அய்யா' என்று எழுதுகிறவரை, இவர் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்க்கிறோம்.