எர்த்தும் ஆன்டெனாவும்: வீட்டு ஹாம் நிலையத்துக்குச் சில குறிப்புகள்

வணக்கம் நேயர்களே.

வீட்டில் ஹாம் நிலையம், அதாவது பொழுதுபோக்கு வானொலி நிலையம், அமைத்தவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு. பி.டி.டி. எனும் பேசு-பொத்தானை அழுத்திப் பேசினால் மைக் உதட்டில் சுரீரென்று கடிக்கும். பக்கத்துக் கணினியில் மவுஸ் அசையாமல் நின்றுவிடும். இதற்கு உடனே கிடைக்கும் வைத்தியம், "எர்த் சரியில்லை, தரையில் இன்னொரு உலோக ராடு அடியுங்கள்" என்பது. அடித்தாலும் பெரும்பாலும் தீராது. கோளாறு இருப்பது தரையில் அல்ல, ஆன்டெனாவில்.

எர்த் என்ற ஒரே சொல்லை மூன்று வேலைக்குச் சொல்கிறோம். முதலாவது, ஷாக்கிலிருந்து காப்பது. பவர் சப்ளைக்குள் லைவ் கம்பி பெட்டியைத் தொட்டுவிட்டால் சப்ளை உடனே அறுபட வேண்டும். இதற்கு மூன்று பின் பிளக்கில் வரும் வீட்டு எர்த்தான் வேண்டும். தோட்டத்தில் நாம் அடித்த ராடு மட்டும் போதாது. ராடின் தடை 25 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் 9 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் சப்ளையை அறுக்கும் சுவிட்ச்) விழவே விழாது, பெட்டி உயிரோடு நிற்கும். மின்கசிவைக் கண்டு சப்ளையை அறுக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் தப்பித்தோம். ரீங்காரம் கேட்கிறது என்று எர்த் பின்னைக் கழற்றுவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

இரண்டாவது மின்னல். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் ஆர்.எஃப். எர்த், அதாவது ஆன்டெனாவுக்குப் போகும் ரேடியோ அதிர்வெண் மின்சாரத்துக்கான எர்த். மைக்கில் கடிப்பது இந்த ஆர்.எஃப்.தான். குழப்பம் முழுக்க இங்கேதான். மாடி அறையிலிருந்து தரைக்கு 10 மீட்டர் தடித்த செம்புக் கம்பி இறக்கியிருக்கிறீர்கள். மல்டிமீட்டரில் ஒரு ஓம்கூடக் காட்டாது. ஆனால் 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42 மீட்டர்; கால் அலைநீளம் பத்தரை மீட்டர். கால் அலைக் கம்பியின் ஒரு முனையை எர்த் செய்தால் மறுமுனையில் ஆர்.எஃப். மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும். அதாவது கீழே எர்த், மேலே திறந்த முனை. அது போதாதென்று அந்தக் கம்பியே வீட்டுச் சுவரை ஒட்டிய ஓர் ஆன்டெனாவாகிவிடுகிறது. ஆகவே மாடியில் இருப்பவர்கள் ஆர்.எஃப். எர்த்தைத் தேடி அலையாமல், எர்த்தே கேட்காத ஆன்டெனாவைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

அப்படிப்பட்டது அரை அலை டைபோல்: அரை அலைநீளக் கம்பியை நடுவில் இரண்டாகப் பிரித்து, அங்கே கேபிளை இணைப்பது. மொத்த நீளம் மீட்டரில் வேண்டுமென்றால் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்துக்கொள்ளுங்கள். 7.1-க்கு 20.1 மீட்டர். பக்கத்துக்கு 10.3 மீட்டராக வெட்டிக் கட்டிவிட்டு, பிறகு குறைக்கலாம். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) மிகக் குறைவாக இருக்கும் இடம் 6.95-இல் விழுந்தால் கம்பி சுமார் 2 சதவீதம் நீளம்; பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் போல எடுக்க வேண்டும். வெட்டாதீர்கள். முனையை மடக்கி அதே கம்பியில் சுற்றுங்கள், தப்பானால் பிரித்துக்கொள்ளலாம். ஒரே கம்பம்தான் இருக்கிறதென்றால் நடுப்பகுதியை உயர்த்தி, தலைகீழ் 'வி'யாகக் கட்டுங்கள். உச்சிக் கோணம் 90 டிகிரிக்குக் குறையக்கூடாது. முனைகளில் மின்னழுத்தம் அதிகம் என்பதால் அவை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மின்கம்பிகளிலிருந்து விலகியே கட்டுங்கள்: கம்பமோ கம்பியோ சாய்ந்தாலும், அறுந்தாலும் அவற்றை எட்டக்கூடாது.

டைபோல் கட்டியும் மைக் கடித்தால்? ரேடியோ பெட்டியை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னல் வழியாக ஆர்.எஃப். அறைக்குள் இறங்கி வருகிறது. மருந்து மேலேயே போட வேண்டும். ஆன்டெனாவின் நடுவில், ஃபீட் கொடுக்கும் (கேபிள் இணையும்) இடத்தில், எஃப்.டி.240-31 ஃபெரைட் வளையம் ஒன்றில் ஆர்.ஜி.58 கேபிளைப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் அந்த ஆர்.எஃப்.ஐத் தடுக்கும் நல்ல சோக் ஆகிவிடும். அந்த இடத்தை, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுங்கள். மழைநீர் பின்னலுக்குள் ஏறினால் செம்பு கருத்துப் போகும்.

வெர்ட்டிக்கல், அதாவது செங்குத்தாக நிற்கும் கால் அலை ஆன்டெனா, வேறு சாதி. அதற்கு ரேடியல்கள் (அடியிலிருந்து சுற்றிலும் விரியும் கம்பிகள்) இல்லாமல் கதியில்லை. நல்ல தரையமைப்பில் அதன் தடை 36 ஓம், எனவே 50 ஓம் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 காட்ட வேண்டும். இரண்டே ரேடியலோடு 1.0 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். மீதி 14 ஓம் மண்ணைச் சூடாக்குகிறது என்று அர்த்தம். ரேடியல் கூடக் கூட எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினால் வேலை சரியாக நடக்கிறது. தரையில் பரப்பினால் பதினாறு ரேடியலாவது போடுங்கள், நீளம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். தரையை விட்டு உயர்த்திக் கட்டினால் கால் அலை நீளத்தில் நான்கு போதும்.

ஒரு முனையில் ஃபீட் செய்யும் அரை அலைக் கம்பி, அதன் உயர்ந்த தடையை 50 ஓம் அளவுக்கு இறக்கும் 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மரோடு, இப்போது பலரின் விருப்பம். 20 மீட்டர் கம்பியில் 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகள் கிடைக்கும். ஆனால் எதிர்ப்பக்கக் கம்பி கொடுக்காவிட்டால் கோஆக்ஸின் பின்னலே அந்த வேலையைச் செய்யும். எதிர்ப்பக்கமாக 2 மீட்டர் கம்பி ஒன்றைத் தொங்கவிட்டு, கேபிளில் சோக் போடுங்கள்.

இனி மின்னல். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஓர் உலோகத் தகடு வைத்து, அதில் மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் வாயுக்குழாய் அரெஸ்டரைப் பொருத்துங்கள். தகட்டிலிருந்து 2.4 மீட்டர் ராடுக்குக் கம்பி நேராகவும் குட்டையாகவும் இறங்க வேண்டும். ஒரு மீட்டர் கம்பிக்கு சுமார் 1 மைக்ரோஹென்ரி இண்டக்டன்ஸ் உண்டு. மின்னோட்டம் மைக்ரோ வினாடிக்கு 10 கிலோஆம்பியர் வீதம் ஏறினால், ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் தங்கும். அதனால்தான் செங்கோணமாக மடிக்காமல் பெரிய வளைவாக எடுக்கச் சொல்கிறோம். தட்டையான செம்புப் பட்டை இன்னும் நல்லது.

இந்த ராடை வீட்டின் மெயின் எர்த்தோடு 16 சதுர மில்லிமீட்டர் கம்பியால் கட்டாயம் இணைக்க வேண்டும். தனியாக விட்டால் மின்னலின்போது இரண்டு எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு வரும். அது சமன்பட ஒரே வழி உங்கள் ட்ரான்ஸீவர், அதாவது ரேடியோ பெட்டிதான். கேஸ் குழாயை எர்த்தாக நினைக்கவே வேண்டாம்.

மழை மேகம் திரண்டால் கேபிளைக் கழற்றுங்கள், ஆனால் மேசையில் அல்ல, வீட்டுக்கு வெளியே தகட்டிலேயே. மேசைமேல் கிடக்கும் முனை மின்னலை அறைக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். பவர் பிளக்கையும் கணினிக்குப் போகும் யு.எஸ்.பி. கேபிளையும் சேர்த்துப் பிடுங்குங்கள். இடி கேட்கத் தொடங்கிவிட்டதா? அப்படியென்றால் கேபிளை அப்படியே விட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.