நோயால் வேலையை விட்ட பிறகு எனக்கு என்ன மதிப்பு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் மண்டோராக, அதாவது ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக, இருந்தவர். இப்போது சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், வீட்டுக்காரம்மாதான் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறார். "பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுக்கும்) நேரத்துக்கு இன்னும் முழிப்பு வருது, எழுந்து என்ன செய்யப்போறேன்னு திரும்பப் படுத்துக்கிறேன். பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணம் கேட்கவும் கூச்சமா இருக்கு" என்கிறார்.

அண்ணே, தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆழமாகவே இறங்கும். அங்கே வேலை இருந்தால்தான் வீடு, வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் ரப்பர் பால்மரம் சீவப் போன பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தப் பயத்திலேயே வளர்ந்ததால், உழைக்க முடியாத ஆள் வீட்டுக்குப் பாரம் என்று யாரும் சொல்லாமலே நம்பிவிட்டோம். அது நிர்வாகம் போட்ட கணக்கு. உங்கள் வீட்டுக்காரம்மா அந்தக் கணக்கா போடுகிறார்?

பெர்கேசோ பணத்துக்குக் கூச்சமே வேண்டாம், மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் பிடித்த சந்தா அது. 60 வயதுக்குள் நோயால் நிரந்தரமாக முடியாமல் போய், வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாது என்று மருத்துவக் குழு முடிவு செய்து, சந்தா மாதங்களும் சரியாக இருந்தால், சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை இலாட் (உழைக்க இயலாமை) ஓய்வூதியம் உண்டு. இலேசான வேலைக்குத் திரும்ப ஆசை இருந்தால் அதற்கும் 2007 முதல் அவர்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது, கேளுங்கள்.

சரி, மனசுக்கு வருவோம். 'பாசிட்டிவாக இருங்கள்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இழந்தது பெரிய விஷயம், வலிக்கத்தான் செய்யும். டயாலிசிஸ் நாளில் நாலு மணி நேரம் படுத்துவிட்டு வந்தால் உடம்பு துவண்டுவிடும், அன்றைக்கு எதுவும் செய்யவில்லையே என்று உங்களை நீங்களே ஏசாதீர்கள். மற்ற நாளில் உங்களுக்காக ஒருவர் காத்திருக்கும்படி ஒரே ஒரு காரியம் போதும். மரத்தடியில் உதிரிப் பழம் கிடப்பதைப் பார்த்தே எந்தக் குலையை வெட்டலாம் என்று சொல்லும் கண் உங்களுடையது, அது சிறுநீரகத்தோடு போய்விடவில்லை. பக்கத்தில் ரெண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு பச்சைக் குலையை வெட்டித் தள்ளுகிறவர் இருப்பார், வாரத்தில் ஒரு காலை அவரோடு நடந்து வாருங்கள். ஊசி போடும் கையால் மட்டும் பாரம் தூக்கிவிடாதீர்கள்.

தூக்கமே இல்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றே டயாலிசிஸ் நர்ஸிடமோ கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) டாக்டரிடமோ சொல்லுங்கள். அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம், ஒட்டுக்கடையில் "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்பார்களோ என்று கடைப் பக்கமே போவதில்லை என்றீர்களே. போங்கள் அண்ணே. "வாரம் மூணு நாள் டயாலிசிஸ், மத்த நாள் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கேட்டவரின் பிள்ளை எந்தப் படிவம் (இடைநிலைப்பள்ளி வகுப்பு) படிக்கிறான் என்று கேளுங்கள்.