பழைய ஸ்போர்ட்ஸ் கார்: செல்ஃப் எடுக்கலையா, சார்ஜ் ஏறலையா? முதல்ல மீட்டர், அப்புறம் ஸ்பேனர்

வணக்கம் நண்பர்களே. சாவியைத் திருப்பினா "டக்"னு ஒரே ஒரு சத்தம், அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. இல்லன்னா வண்டி ஓடிட்டிருக்கும்போதே சிவப்பு பேட்டரி லைட் மங்கலா எரியுது. 1970, 80-கள்ல வந்த ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவங்க அதிகமா கேக்குற ரெண்டு பிரச்சினை இதுதான். உடனே செல்ஃப் மோட்டாரை இறக்குறாங்க, புது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ற கருவி) வாங்கி மாட்டுறாங்க, பிரச்சினை அப்படியே இருக்கு. ஏன்னா இந்த வயசு வண்டில கோளாறு பெரும்பாலும் மோட்டார்ல இருக்காது. பேட்டரிலேர்ந்து மோட்டாருக்குப் போற வழியில இருக்கும், அதைவிட முக்கியமா பாடி வழியா பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பி வர்ற எர்த் வழியில இருக்கும். அதை எப்படி அளந்து கண்டுபிடிக்கிறதுன்னு இன்னிக்கு பார்க்கலாம். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், சாவியைத் திருப்ப இன்னொரு ஆள், அவ்வளவு போதும்.

முதல்ல பாதுகாப்பு. கியர் நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு அடியில கட்டை வைங்க. மோதிரம், வாட்ச் கழட்டிடுங்க. பேட்டரி மேல ஹைட்ரஜன் இருக்கும், பக்கத்துல தீப்பொறி கூடாது. பேட்டரி கழட்டும்போது எர்த் பக்கம் முதல்ல, மாட்டும்போது எர்த் பக்கம் கடைசியா.

பேட்டரி. வண்டியை நிறுத்தி சில மணி நேரம் ஆனதுக்கப்புறம் அளங்க. சார்ஜர்லேர்ந்து இப்பதான் எடுத்தீங்கன்னா ஹெட்லைட்டை ரெண்டு நிமிஷம் எரியவிட்டு அணைச்சு, கொஞ்சம் விட்டு அளங்க, இல்லன்னா மேலோட்டமான சார்ஜ் உங்களை ஏமாத்திடும். 12.6 வோல்ட்டுக்கு மேல இருந்தா முழு சார்ஜ். 12.4 முக்கால் பங்கு, 12.2 பாதி, 12.0 வந்தா கால் பங்குதான். பாதிக்கும் கீழ இருக்கிற பேட்டரியை வச்சு வேற எந்தச் சோதனையும் பண்ணாதீங்க, வர்ற ரீடிங் எல்லாம் தப்பா இருக்கும். முதல்ல சார்ஜ் ஏத்துங்க.

அடுத்து லோடு. ஸ்பார்க் கொடுக்கிற காயிலுக்குப் போற இக்னிஷன் ஒயரை கழட்டிடுங்க, ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டின்னா ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் எடுத்துடுங்க, எஞ்சின் ஸ்டார்ட் ஆகக்கூடாது. இப்ப பேட்டரி ரெண்டு முனையிலயும் மீட்டரை வச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 9.6 வோல்ட்டுக்குக் கீழ போனா ஒண்ணு பேட்டரி போச்சு, இல்ல மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்குது. 11 வோல்ட் நிக்குது, ஆனா மோட்டார் முக்கி முக்கி சுத்துதுன்னா பேட்டரி நல்லா இருக்கு, கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சாலே வீண் செலவு நின்னுடும்.

இப்ப முக்கியமான வேலைக்கு வருவோம், வோல்டேஜ் டிராப், அதாவது வழியில தொலைஞ்சு போற வோல்ட். நாலு சிலிண்டர் எஞ்சினைச் சுத்த 100-லேர்ந்து 200 ஆம்பியர் வரைக்கும் போகும். 150 ஆம்பியர்னு வச்சுக்கோங்க. வழியில எங்கயோ 0.01 ஓம் தடை இருந்தா 1.5 வோல்ட் அங்கயே போயிடும். 0.01 ஓமை சாதாரண மீட்டரோட ஓம் ரேஞ்ச் காட்டவே காட்டாது. பீப் சத்தம் வருது, ஒயர் நல்லா இருக்குன்னு சொல்றது இதனாலதான் தப்பு. ஒயருக்குள்ள ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். கரண்ட் ஓடும்போதுதான் தடை தெரியும்.

டிசி வோல்ட் ரேஞ்ச்ல வைங்க. சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவ் ஈயக் குமிழ் மேலயே வைங்க. கிளாம்ப் மேல இல்ல, குமிழ் மேல. கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவுல படிஞ்ச அழுக்குதான் பல நேரம் குற்றவாளி. கறுப்பு முனை செல்ஃப் சொலனாய்டுல, அதாவது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுற காந்த சுவிட்சுல, பெரிய கேபிள் வந்து சேர்ற போல்ட்ல. செல்ஃப் அடிங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்தக் கேபிள்லயோ அதோட முனைகள்லயோ தடை இருக்கு. முனையை ஒவ்வொரு இணைப்பா நகர்த்திப் பார்த்தா எந்த இடத்துல எகிறுதுன்னு தெரிஞ்சிடும்.

அடுத்து எர்த். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் குமிழ்ல, இன்னொண்ணு செல்ஃப் மோட்டாரோட உடம்புல, பெயின்ட் இல்லாத இடத்துல. செல்ஃப் அடிக்கும்போது 0.3-க்கு மேல போகக்கூடாது. பழைய கார்ல தோத்துப் போறது பெரும்பாலும் இந்த டெஸ்ட்லதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, ரப்பர் கரண்டைக் கடத்தாது. பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு பின்னல் எர்த் பட்டை. அது களிம்பு ஏறி இத்துப் போனாலும், கிளட்ச் வேலைக்கு இறக்கினவங்க திரும்ப மாட்ட மறந்தாலும், கரண்ட் வேற வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியா ஓடும். செல்ஃப் அடிச்சதும் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா எர்த் பட்டை போயிடுச்சு, வேற சாட்சி வேண்டாம். போர்ஷே 911 மாதிரி எஞ்சின் பின்னாடி இருக்கிற வண்டில இந்தப் பட்டை கியர்பாக்ஸ்லேர்ந்து பாடிக்குப் போகும், ரோட்டு தண்ணியும் சேறும் நேரா அது மேலதான் படும்.

பேட்டரி எஞ்சினை விட்டு தூரமா இருக்கிற வண்டிகள்ல கேபிள் நீளத்தால டிராப் இன்னும் கூடும். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5-ல பேட்டரி டிக்கில இருக்கு. பழைய எம்ஜிபி-ல சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு 6 வோல்ட் பேட்டரி, அப்ப இணைப்பும் அதிகம். டிக்கி பேட்டரிக்கு புது கேபிள் போடுறீங்கன்னா 50 சதுர மில்லிமீட்டர் போடுங்க. முனை லக்கை சுத்தியால தட்டி நசுக்காதீங்க, ஹைட்ராலிக் கிரிம்பர்ல அழுத்தணும்.

சுத்தம் பண்றது சுலபம். சமையல் சோடா கலந்த தண்ணியால கழுவி, காய வச்சு, உப்புத்தாள் போட்டு பளபளக்கிற உலோகம் தெரியுற வரைக்கும் தேய்ங்க. இறுக்கினதுக்கு அப்புறம் மேல வாஸ்லின் தடவுங்க. பெயின்ட் மேல எர்த் லக்கை வச்சு இறுக்கினா எர்த் கிடைக்காது.

வழி ரெண்டும் சரி, இன்னும் "டக்" மட்டும்தானா? இப்ப சொலனாய்டோட ரெண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவுல மீட்டரை வைங்க. சாவி போடாதப்போ 12 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பினதும் 0.3-க்குக் கீழ விழணும். விழலைன்னா உள்ள இருக்கிற செம்பு கான்டாக்ட் கருகிப் போச்சு. விழுது, மோட்டார் போல்ட்ல வோல்ட்டும் வருது, ஆனா சுத்தலைன்னா கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு. மரக் கைப்பிடியால மோட்டாரை லேசா தட்டினதும் சுத்துச்சுன்னா அதை உறுதி பண்ணிக்கோங்க. மெதுவா சுத்துது, ஆனா கிளாம்ப் மீட்டர் வழக்கத்தைவிட ரொம்ப அதிகமான ஆம்பியர் காட்டுதுன்னா புஷ் தேஞ்சு ஆர்மேச்சர் (உள்ள சுத்துற பாகம்) உடம்புல உரசுது. மெதுவா சுத்தி ஆம்பியரும் கம்மியா இருந்தா, வழியில தடை.

"டக் டக் டக்"னு வேகமா அடிச்சா பேட்டரி வீக், இல்ல டெர்மினல் லூஸ். சத்தமே இல்லைன்னா இக்னிஷன் சுவிட்ச், ரிலே (சின்ன கரண்டால பெரிய கரண்டைத் திறக்கிற சுவிட்ச்), கிளட்ச் சுவிட்ச் வரிசையா பாருங்க. மோட்டார் மட்டும் தனியா "விர்ர்"னு சுத்தினா பினியன் (ஃப்ளைவீலைச் சுத்துற சின்னப் பல்சக்கரம்) கிளட்ச் வழுக்குது, இல்ல ஃப்ளைவீல் ரிங் பல் போயிருக்கு. ரொம்பப் பழைய இனர்ஷியா வகை செல்ஃப்ல பினியன் ஓடுற சுருள் திருகுல அழுக்கு சேர்ந்தாலும் இதே மாதிரி ஆகும். மண்ணெண்ணெய்ல கழுவி காய வைங்க, அங்க கிரீஸ் போடாதீங்க, தூசி ஒட்டும்.

ஒரு கோளாறு தனியா பேசணும். காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது, நல்லா ஓட்டிட்டு வந்து நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு சாவி போட்டா எடுக்க மாட்டேங்குது. அரை மணி நேரம் ஆறினா மறுபடி எடுக்குது. எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்துல சொலனாய்டு வேகுது. சூடானா செம்புச் சுருளோட தடை கூடும், இழுக்குற சக்தி குறையும். அதோட, சொலனாய்டோட சின்ன டெர்மினலுக்கு, அதாவது 50-ம் நம்பருக்கு, வர்ற கரண்ட் டேஷ்போர்டு வரைக்கும் போய் தேஞ்ச இக்னிஷன் சுவிட்சைத் தாண்டித் திரும்பி வருது. சாவியைப் பிடிச்சுக்கிட்டே அந்த டெர்மினலை அளங்க. 9 வோல்ட் அளவுதான் வருதுன்னா தீர்வு ஒரு 40 ஆம்பியர் ரிலே. ரிலேவோட 30-ம் நம்பர் டெர்மினலுக்கு பேட்டரிலேர்ந்து 30 ஆம்பியர் ஃப்யூஸ் வழியா 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். 87-லேர்ந்து அதே தடிமன்ல சொலனாய்டு 50-க்கு. ஏற்கனவே 50-ல இருந்த ஒயர் இனிமே 86-க்கு. 85 எர்த். இக்னிஷன் சுவிட்சுக்கும் ஆயுசு கூடும். ரிலேவை எக்ஸாஸ்ட்கிட்ட மாட்டாதீங்க, அவ்வளவுதான்.

சரி, வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. சார்ஜ் ஏறுதா? 2000 ஆர்பிஎம்ல பேட்டரி முனையில 13.8-லேர்ந்து 14.4 வரைக்கும் இருக்கணும். ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் போட்டாலும் 13.5-க்கு மேல நிக்கணும். 15-ஐ தாண்டினா வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு, அப்படியே ஓட்டினா பேட்டரி கொதிச்சு தண்ணி வத்திடும். கம்மியா இருந்தா ஆல்டர்னேட்டரோட பி பிளஸ் (B+, பேட்டரிக்குப் போற பெரிய) போல்ட்ல அளங்க. அங்க 14.3, பேட்டரில 13.2ன்னா ஆல்டர்னேட்டர் குத்தமே இல்ல, நடுவுல இருக்கிற ஒயர்தான்.

சிவப்பு லைட் பத்தி பலருக்குத் தெரியாத விஷயம். அது வெறும் எச்சரிக்கை விளக்கு இல்ல. அந்த பல்ப் வழியா போற சின்ன கரண்ட்தான் ரோட்டர்ல (ஆல்டர்னேட்டருக்குள்ள சுத்துற காந்தச் சுருள்) முதல் காந்தத்தை எழுப்புது. பல்ப் ஃப்யூஸ் போனா ஆல்டர்னேட்டர் எழும்பாது, இல்ல ஆர்பிஎம்மை நல்லா ஏத்தினாத்தான் எழும்பும். அழகா இருக்குன்னு எல்இடி மாத்தினாலும் அதே கதி, எல்இடி வழியா போதுமான கரண்ட் போகாது. எஞ்சின் ஓடாம சாவி மட்டும் போடுங்க. லைட் எரியலையா? ஆல்டர்னேட்டர்லேர்ந்து டி பிளஸ் (D+, லைட்டுக்குப் போற) சின்ன ஒயரை கழட்டி எர்த்ல தொடுங்க. எரிஞ்சா ஒயரும் பல்பும் சரி, கோளாறு உள்ள: பிரஷ், ரெகுலேட்டர் இல்ல ரோட்டர். எரியலைன்னா பல்ப் இல்ல ஒயர். பிரஷ் 5 மில்லிமீட்டருக்குக் கீழ வந்தா மாத்திடுங்க, பல ஆல்டர்னேட்டர்ல ரெகுலேட்டரோட சேர்ந்தே வரும், ரெண்டு ஸ்க்ரூதான்.

ஓடும்போது லைட் மங்கலா எரிஞ்சா டயோடை (ஆல்டர்னேட்டர்ல ஏசியை டிசியா மாத்துற பாகம்) சந்தேகப்படுங்க. மீட்டரை ஏசி ரேஞ்ச்ல வச்சு பேட்டரி முனையில அளங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, 0.5-ஐ தாண்டினா டயோடு போயிடுச்சு. அதோட பெல்ட்டையும் பாருங்க. ரெண்டு புல்லிக்கு நடுவுல கட்டைவிரலால அழுத்தினா சுமார் 10 மில்லிமீட்டர் உள்ள போகணும். புல்லி பள்ளத்தோட அடி பளபளன்னு இருந்தா பெல்ட் தேஞ்சு அடியைத் தொடுது, எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பார்க்குற பழக்கம் இன்னும் இருக்கு. தயவுசெஞ்சு செய்யாதீங்க. அது ஆல்டர்னேட்டருக்கு முன்னாடி இருந்த டைனமோ காலத்து சோதனை. ஆல்டர்னேட்டர்ல அந்த நொடியில எழும்புற வோல்டேஜ் டயோடையும் ரெகுலேட்டரையும் கொன்னுடும்.

டைனமோ வண்டி வச்சிருக்கிறவங்க, ஐடில்ல லைட் மினுக்கினா பயப்பட வேண்டாம், அது அதோட இயல்பு. டைனமோ நல்லா இருக்கான்னு பார்க்க ரெண்டு ஒயரையும் கழட்டி, டி (D, வெளியீடு), எஃப் (F, ஃபீல்டு) டெர்மினலை ஒண்ணா இணைச்சு, அதுக்கும் உடம்புக்கும் மீட்டர் வைங்க. மெதுவா ஆக்சிலரேட்டர் கொடுத்தா வோல்ட் சீரா ஏறணும். 20-ஐ தாண்ட விடாதீங்க. ஏறினா டைனமோ சரி, கட்-அவுட் பெட்டியை (டைனமோவோட ரெகுலேட்டர் பெட்டி) பாருங்க. ஒரு எச்சரிக்கை: 1967-க்கு முந்தின எம்ஜிபி மாதிரி பாசிட்டிவ் எர்த் (பேட்டரி பாசிட்டிவ் முனை பாடியோட சேர்ந்த) வண்டில ஆல்டர்னேட்டர் மாட்டணும்னா முதல்ல துருவத்தை மாத்தணும், அப்படியே மாட்டினா டயோடு அந்த இடத்துலயே கருகும்.

ராத்திரி நிறுத்தினா காலையில பேட்டரி இறங்குதா? எல்லாத்தையும் அணைச்சு, எர்த் கேபிளைக் கழட்டி, 10 ஆம்பியர் ரேஞ்ச்ல மீட்டரை அந்தக் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல இணைங்க. அந்த நிலையில செல்ஃப் அடிச்சிடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். 100 இருந்தா, 50 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி பத்து நாள்ல பாதி காலி. ஃப்யூஸை ஒண்ணொண்ணா எடுங்க, எதை எடுத்ததும் ரீடிங் விழுதோ அந்த சர்க்யூட்தான். எல்லாத்தையும் எடுத்தும் விழலைன்னா எர்த் கேபிளைத் தனியா எடுத்து வச்சுட்டு ஆல்டர்னேட்டரோட பி பிளஸ் ஒயரைக் கழட்டி முனையை டேப் சுத்துங்க, அது ஃப்யூஸ் பாக்ஸ் வழியா போறதில்ல. மறுபடி மீட்டரை இணைச்சு ரீடிங் விழுந்திருந்தா டயோடு ஷார்ட்.

கடைசியா, பழைய 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை எடுத்துட்டு 65 மாட்டுறவங்க, பி பிளஸ் ஒயரையும் கூடவே தடிமனாக்குங்க, 10 சதுர மில்லிமீட்டர், பேட்டரி பக்கம் 80 ஆம்பியர் ஃப்யூஸோட. டேஷ்போர்டுல ஆம்மீட்டர் இருக்கிற வண்டில முழு கரண்டும் அது வழியா ஓடும் வகைன்னா, அதைத் தவிர்த்து நேரா பேட்டரிக்கு இழுத்து, அந்த இடத்துல வோல்ட்மீட்டர் வைங்க. ஒயரை மாத்தி முடிச்சதும் இதே டிராப் சோதனையை, எல்லா லைட்டையும் போட்டு, மறுபடி ஒரு தடவை பண்ணிடுங்க. ஆல்டர்னேட்டர்லேர்ந்து பேட்டரி வரைக்கும் 0.3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.