வோக்கிங் பூட்டை எப்போது கழற்றலாம்?

வணக்கம். கோப்பாயிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கிணற்றடியில் பாசி வழுக்கிக் கால் பிரண்டுவிட்டது. எக்ஸ்ரேயில் சின்ன விரலுக்கு நேரே, பாதத்தின் வெளிப்பக்க எலும்பு அடியில் வெடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பத்து (பிளாஸ்டர் கட்டு) போடாமல் வோக்கிங் பூட், அதாவது பட்டிகளால் இறுக்கிக் கட்டுகிற கடினமான உயரச் சப்பாத்து ஒன்றைக் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டு மிதித்து நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குள் அதைக் கழற்றிவிட்டு நடக்கலாமா, படுக்கும்போதும் போட வேண்டுமா, நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாமா என்று கேட்கிறார். சலரோகமும் இருக்கிறதாம்.

அம்மா, முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுடைய முறிவுக்குப் பூட்டைக் கழற்றலாம். கழற்றின காலால் மிதிக்கத்தான் கூடாது. வீடு என்றாலும் அப்படித்தான், குசினிக்குப் போகிற நாலு அடி என்றாலும் அப்படித்தான்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த எலும்பின் அடியில் ஒரு தசைநாண் வந்து ஒட்டியிருக்கிறது. பாதம் உட்பக்கமாகப் பிரளும்போது அது சுண்டி இழுக்க, எலும்பில் ஒரு துண்டு கழன்றுவிடுகிறது. வெறுங்காலால் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் அதே இடம் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். பூட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற தடிப்பான சட்டங்கள் கணுக்காலை அசையவிடாது. அடிப்பாகம் ஆடுகதிரையின் கால் மாதிரி வளைந்திருப்பதால், பாதம் மடங்காமலே உருண்டு அடுத்த அடி வந்துவிடும். இந்த வேலை எல்லாம் நீங்கள் நிற்கும்போதும் நடக்கும்போதும்தான் தேவை. கதிரையில் இருந்து காலை உயர்த்தி வைத்திருக்கும் நேரம் கழற்றிக் காற்றுப் படவிடுங்கள். எங்கள் வெக்கைக்கு அது அவசியமும்கூட.

படுக்கும்போதும் அதேதான். உங்களைப் பார்த்த டொக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றால் கழற்றிவிட்டுப் படுக்கலாம். ஆனால் இரவில் பாத்ரூமுக்கு எழும்பும்போதுதான் பலர் தூக்கக் கலக்கத்தில் வெறுங்காலை நிலத்தில் வைத்துவிடுகிறார்கள். பூட்டைக் கட்டிலோடு ஒட்டி வையுங்கள், லைட்டைப் போடுங்கள், போட்டுக் கட்டின பிறகே காலை ஊன்றுங்கள். இதைக் கேட்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: குதிக்காலுக்கு மேலே இருக்கிற பெரிய தசைநாண் அறுந்து பூட் போட்டிருப்பவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கு எடுக்கக் கூடாது. அவர்கள் நித்திரையிலும் கழற்றக் கூடாது என்றுதான் பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள்.

போடுகிற முறையையும் பாருங்கள். இருந்துகொண்டு போடுங்கள். குதிக்காலை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, விரல் பக்கத்துப் பட்டியில் தொடங்கி மேலே மேலே கட்ட வேண்டும். குதிக்கால் உள்ளே மேலும் கீழும் அசைந்தால் தளர்வு. விரல்கள் விறைத்தால், குளிர்ந்தால், நிறம் மாறினால் இறுக்கம். தளர்த்திய பிறகும் அது மாறவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொரு சிக்கல் எங்கள் வீடுகளுக்கே உரியது. பூட் அந்தக் காலை 2, 3 சென்ரிமீற்றர் உயர்த்திவிடும். நாங்கள் வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை. அப்போது ஒரு கால் உயரம், மறு கால் தரையோடு. கொஞ்ச நாளில் நாரி நோகுது, இடுப்பு நோகுது என்று வருவார்கள். தடித்த அடியுள்ள புதுச் செருப்பு ஒன்றை வீட்டுக்குள் மட்டும் என்று வைத்து, நல்ல காலில் போடுங்கள். பொல்லுப் பிடிப்பதென்றால் நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள்.

சலரோகத்தைப் பற்றிக் கட்டாயம் கதைக்க வேண்டும். நீண்ட நாள் சலரோகம் இருப்பவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கலாம். பூட் உரசி உரசிப் புண் வந்தாலும் நோ தெரியாது. பருத்திச் சொக்ஸ் முழங்கால் வரை இழுத்து, மடிப்பில்லாமல் போடுங்கள், வியர்த்தால் மாற்றுங்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் கணுக்கால் மொழி இரண்டையும், குதிக்காலையும், விரல் இடுக்குகளையும் பாருங்கள். அடிப்பாதத்துக்கு ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் தோலில் சிவப்பு இலகுவில் தெரியாது. கருமை கூடியிருக்கிறதா, தொட்டால் சூடாக, கடினமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். கழற்றி அரை மணித்தியாலம் ஆகியும் அந்த அடையாளம் மாறவில்லை என்றால், புண்ணாகும் வரை காத்திருக்காமல் காட்டுங்கள். கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால், அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கக் கூடாது.

சரி, நல்லூர். 25 நாள் திருவிழா, ஒரு நாளாவது போகாமல் இருக்க மனம் கேட்காது, அது எனக்கு விளங்குகிறது. ஆனால் கோயிலைச் சுற்றிப் பரப்பியிருக்கிற மணலில் வெறுங்காலோடு நடப்பதுதான் இந்த முறிவுக்குக் கூடாத நடை. மணலில் பாதம் புதையும், பக்கத்துக்குச் சரியும். தேரன்று அந்தச் சனத்துக்குள் யாராவது உங்கள் பாதத்தில் ஏறி மிதித்தால் என்ன செய்வது? பூட்டோடு உள்ளே போகவும் மனம் வராது. ஆகவே சனம் குறைந்த ஒரு நாளாகப் பாருங்கள். பிள்ளைகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகட்டும். அதில் இருந்தபடியே பூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கும்பிடலாம், கால் நிலத்தில் படாதவரை. எழும்பி நிற்கப் பார்க்காதீர்கள்.

எத்தனை நாள் போட வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்ததாக அதைத்தான் கேட்பீர்கள். இந்த வகை முறிவு பொதுவாக 6 முதல் 8 கிழமையில் பொருந்தும். சலரோகம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சுணங்கும். டொக்டர் விடலாம் என்ற பிறகும் ஒரே நாளில் விட வேண்டாம். முதலில் வீட்டுக்குள் கொஞ்ச நேரம், மடங்காத அடியுள்ள சப்பாத்தோடு நடந்து பாருங்கள். அடுத்த நாள் காலை நோ கூடவில்லை என்றால் நேரத்தைக் கூட்டுங்கள். பின்னேரங்களில் கொஞ்சம் வீக்கம் சில மாதங்களுக்கு வந்து போகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.