உலோகம் பிடிக்கும் புரதமும் வாயடைத்துப்போன மரபணுவும்

வணக்கம் நேயர்களே.

மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைப் பக்கம் போகும் 138 ஆம் இலக்க பஸ்ஸில் ஒருநாள் பக்கத்து இருக்கை அம்மா என்னிடம் கேட்டார்: "ரீச்சர், சிங்க் குளிசை குடுத்தா இவருக்கு உடம்பு தேறுமாமே, உண்மையோ?" இவர் என்றது வாய்ப்புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த தன் கணவரை. இறங்கும் அவசரத்தில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

சிங்க் என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த நாகம் என்ற உலோகம். நம் கலங்களுக்குள் அதைப் பிடித்து வைக்கும் ஒரு புரதம் இருக்கிறது. பெயர் மெட்டலோதயோனீன். 1957 இல் மார்கோஷஸ், வல்லீ என்ற இரு ஆய்வாளர்கள் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். மிகச் சின்னப் புரதம், அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள்தான். அதில் 20 சிஸ்டீன்கள். ஒவ்வொரு சிஸ்டீனிலும் ஒரு கந்தக அணு. அந்தக் கந்தகக் கைகளால் ஏழு நாக அயன்களை அது அணைத்துக்கொள்கிறது. கட்மியம் வந்தால் நாகத்தை விட்டுவிட்டு அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கட்மியம் புற்றுநோயை உண்டாக்கும் உலோகம். புகையிலைச் செடி அதை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்று வாய்ப்புற்று. வெற்றிலையோடு புகையிலைத் துண்டை அடக்கும் பழக்கத்தை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது.

இந்தப் புரதத்துக்கான மரபணுக்கள் 16 ஆம் நிறமூர்த்தத்தில் கூட்டமாக இருக்கின்றன. பரம்பரையலகு என்று நாங்கள் படித்தது மரபணுவைத்தான். பல ஈரல், தைரொயிட் புற்றுக்கட்டிகளில் இவற்றுள் எம்.டி.1ஜி என்ற மரபணு பேசாமல் கிடக்கிறது. எழுத்து அழியவில்லை. ஏட்டின் அந்தப் பக்கத்தை அரக்கு வைத்து ஒட்டிவிட்டதுபோல, மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெதைல் கூட்டங்கள் என்ற சின்ன இரசாயனத் துணுக்குகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. கலத்தால் அதை வாசிக்க முடிவதில்லை. ஆய்வுகூடத்தில் இந்த மரபணுவை மறுபடி இயங்கவைத்தபோது புற்றுக்கலங்களின் வளர்ச்சி தளர்ந்தது.

எழுத்து அழிந்திருந்தால் திருத்துவது பெரும்பாடு. ஒட்டியதைப் பிரிக்கலாம் அல்லவா? இதில் எனக்கு உண்மையான நம்பிக்கை உண்டு. அசசிற்றிடீன் என்ற மருந்து அப்படித்தான் மெதைல் ஒட்டுவதைத் தடுக்கிறது. என்புமச்சையில் வரும் ஒருவகை நோய்க்கு 2004 இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் குறிப்பிட்ட ஒரு பக்கத்தை மட்டும் பிரிக்க அதற்குத் தெரியாது. மூடியிருக்க வேண்டிய பக்கங்களும் திறந்துவிடலாம்.

அந்த அம்மாவுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இனித்தான். வாய், கழுத்துப் புற்றுகளுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் சிஸ்பிளாற்றின் என்ற மருந்தின் நடுவில் இருப்பது பிளாற்றினம், அதுவும் உலோகம். மெட்டலோதயோனீன் மிகுந்த புற்றுக்கலங்களில் இதே புரதம் அந்த மருந்தையும் பிடித்து முடக்கிவிடலாம். ஒரு கட்டியில் இல்லாமற்போய்க் கெடுதல் செய்வது, இன்னொரு கட்டியில் மிகுந்து கெடுதல் செய்கிறது. இதை நல்ல புரதம் என்றோ கெட்ட புரதம் என்றோ எழுதிவைக்க நான் மறுக்கிறேன். எந்தக் கட்டி, எந்தக் கட்டம் என்று கேட்காமல் அதைப் பற்றிப் பேசவே முடியாது.

நாகம் உடம்பில் சேரச் சேர இந்தப் புரதமும் கூடுகிறது. அதனால் சிங்க் குளிசை மருந்தின் வேலைக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்பதுதான் என் யோசனை. நாகக் குறைபாடு இருப்பவருக்கு அந்தக் குளிசை தேவைதான். அதை இரத்தப் பரிசோதனை பார்த்து வைத்தியர் சொல்லட்டும். அம்மா, நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் குளிசைப் போத்தலையும் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.