ஒரே சட்டிக் கறி சாப்பிடுகிறோம், பிறசர் எனக்கு மட்டும் ஏன்?

சரி, அடுத்த கேள்வி. களுவாஞ்சிக்குடியில் இருந்து ஓர் அக்கா குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். வயது 47. கிளினிக்கில் பிறசர், அதாவது இரத்த அழுத்தம், மூன்று தடவை பார்த்திருக்கிறார்கள், மூன்று தடவையும் 150க்கு 95. "சுருட்டு, சாராயம் தொட்டவள் இல்லை டொக்டர். முழங்கால் வலிக்குக் குளிசை போடுவேன், வேறு ஒன்றுமில்லை. வீட்டுக்காரரும் நானும் ஒரே சட்டிக் கறிதான் சாப்பிடுகிறோம். அவர் என்னைவிட உப்புக் கூட்டிச் சாப்பிடுவார், அவருக்குப் பிறசர் இல்லை. எனக்கு அப்பாவின் வழியில் வந்ததா, உப்பால் வந்ததா? ஒன்றைச் சொல்லுங்கள்" என்கிறார்.

அக்கா, ஒன்றைச் சொல்ல முடியாது. மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைப்பது சுகம். மார்கழியில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்கள் தண்ணீரில் தாழ்வது எதனால்? மழையாலா, உன்னிச்சைக் குளத்து வான்கதவைத் திறந்ததாலா, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மண் அடைத்ததாலா? முகத்துவாரம் திறந்து கிடந்தால் நல்ல மழையைக்கூட வாவி கடலுக்குக் கொண்டுபோய்விடும். கோடையில் அது அடைத்துக் கிடந்தாலும் வெள்ளம் இல்லை. எல்லாம் ஒரே வாரத்தில் சேரும்போதுதான் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வருகிறது.

உடம்பில் அந்த முகத்துவாரம் சிறுநீரகம். மிஞ்சிய உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளுவது அதன் வேலை. சிலருக்குப் பிறப்பிலேயே அந்த வழி கொஞ்சம் ஒடுக்கம். அப்பாவிடம் இருந்து உங்களுக்கு வந்திருக்கக்கூடியது அதுதான். பிறசரே வந்தது என்றில்லை, உப்பைத் தாங்காத உடம்பு வந்திருக்கலாம். அமெரிக்காவில் லூயிஸ் டால் என்ற வைத்தியர் 1962இல் இதை எலிகளில் காட்டினார். உப்புக் கொடுத்ததும் பிறசர் ஏறுகிற எலிகளை ஒரு பக்கமும், ஏறாத எலிகளை மறுபக்கமுமாகப் பிரித்து, தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார். உப்புத் தீன் ஒன்றுதான். ஒரு பரம்பரைக்குப் பிறசர் எகிறியது, மற்றதற்கு அப்படி ஏறவில்லை. உங்கள் வீட்டுக் கதையும் இதுபோலத்தான் இருக்கிறது, அக்கா.

அதற்காக வீட்டுக்காரர் தப்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வயது போகப் போக இரத்தக்குழாய் விறைக்கும். நாற்பதில் தாங்கிய உப்பை அறுபதில் அவர் தாங்குவார் என்று சொல்ல முடியாது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலத்தோடு ஏற்றம் கூடுவதும் உண்டு, உங்கள் வயது அதை அண்டிய வயது.

இனி வயிற்றுக் கொழுப்பு. பலர் இதைப் பாரம் என்று மட்டும் நினைக்கிறார்கள். அந்தக் கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, உடம்பு இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கும், அது சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும். அதாவது கொழுப்பும் முகத்துவாரத்தில்தான் மண் போடுகிறது. பிறசரும் சீனி வருத்தமும் ஒரே ஆளுக்கு வருவதை நாங்கள் இவ்வளவு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நித்திரையில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தால் அதுவும் ஏற்றும். மதுவும் ஏற்றும், ஆனால் அது உங்கள் கதை இல்லை.

நீங்கள் "வேறு ஒன்றுமில்லை" என்று சொல்லிப் போன அந்த முழங்கால் குளிசைக்கு வருகிறேன். எனக்கு மனதில் தைத்தது அதுதான். பாமசியில் கேட்டவுடன் கிடைக்கிற டைக்குளோபினாக், ஐபுபுரோபன் எல்லாம் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்து, உப்பையும் தண்ணீரையும் தேக்கிவிடும். பிறசர்க் குளிசை போடுகிறவருக்கு அதன் வேலையையும் கெடுக்கும். வலியால் நடை குறைகிறது, நடை குறைய வயிறு வைக்கிறது, வயிறு வைக்க முழங்கால் இன்னும் வலிக்கிறது, இன்னொரு குளிசை. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் நெத்தலிக் கருவாடு. பாணிலும் உப்பு இருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடு சமைக்கிற நாளில் அது எங்கேயோ போய்விடும்.

அப்பாவை மாற்ற முடியாது, வயதையும் மாற்ற முடியாது. ஆனால் சேர்ந்து ஏறுகிற வெள்ளத்தில் ஒன்றிரண்டை விலக்கினாலே மட்டம் இறங்கும். கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவி, கறிக்கு உப்பே போடாமல் சமையுங்கள், அதையும் எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்தபிறகு, கால் விடுகிற அளவுக்கு நடவுங்கள். இவ்வளவும் செய்தும் இறங்காவிட்டால் பிறசர்க் குளிசை தேவைப்படும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே தந்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்த முழங்கால் குளிசை மட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கள், அக்கா. அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.