கூடம் கோணல்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறீர்கள். அதில் மூன்றை மாலை மரியாதைக்குச் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை.

2000 ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். அல் கோர் தோற்றதற்குப் பெரிதும் காரணம் அவரும் அவருடைய ஜனநாயகக் கட்சியுமா, தேர்தலை நடத்திய முறையா? முறைதான் என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு பழமொழியை வீசிவிட்டுப் போய் உட்கார்ந்தார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிய பிறகுதான் யோசித்தேன். இத்தனை காலமாக இந்தப் பழமொழியைச் சொல்கிறோமே, யாராவது ஒருத்தர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கூடத்தை அளந்து பார்த்தோமா? பாவம், அது கோணலாகவே இருந்திருந்தால்?

வாருங்கள், அளப்போம்.

ஃபுளோரிடா மாநிலம். பதிவான வாக்கு சுமார் 60 லட்சம். கடைசியில் அறிவித்த வித்தியாசம் 537. ஒரு கல்யாணத்தில் இரண்டு பந்திக்கு அடங்கிவிடும் கூட்டம்! அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் தேர்வாளர்கள்; ஃபுளோரிடாவில் ஒரு வாக்கு முந்தினாலும் அந்த மாநிலத்துத் தேர்வாளர் வாக்கு மொத்தமும் அவருக்கே. அந்தக் கூட்டம்தான் 25 தேர்வாளர் வாக்குகளையும் தூக்கி எதிர்த்து நின்ற ஜார்ஜ் புஷ் கையில் கொடுத்தது. நாடு முழுக்க எண்ணினால் கோருக்கு 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் வாக்கு கூடுதல். ஆனாலும் தேர்வாளர் கணக்கில் முடிவு புஷ்ஷுக்கு 271, கோருக்கு 266.

பந்தி என்றேன் அல்லவா, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்து வாக்குச் சீட்டுக்குப் 'பட்டாம்பூச்சி' என்று பெயர். எதிரெதிரே இரண்டு வரிசைப் பந்தி போட்டாயிற்று. தண்ணீர் டம்ளர் மட்டும் நடுவே ஒரே வரிசை. இலை என்பது வேட்பாளர் பெயர், டம்ளர் என்பது வாக்காளர் குத்த வேண்டிய ஓட்டை. இடப்பக்கம் முதல் இலை புஷ், இரண்டாவது இலை கோர். வலப்பக்கம் முதல் இலை புக்கானன் என்ற இன்னொரு வேட்பாளர். இப்போது சொல்லுங்கள், இரண்டாவது இலைக்காரர் எந்த டம்ளரை எடுப்பார்? இரண்டாவதை! அதுதான் இல்லை. இரண்டாவது டம்ளர் எதிர்வரிசை புக்கானனுடையது. கோருடைய டம்ளர் மூன்றாவது. பெயர் இரண்டாவது, ஓட்டை மூன்றாவது!

அம்புக்குறி போட்டிருந்தார்களே என்பீர்கள். போட்டிருந்தார்கள். கண்ணாடியை நெற்றியில் தூக்கிவைத்துக்கொண்டு, பின்னால் நிற்கும் வரிசை நெளிவதைக் காதால் கேட்டுக்கொண்டு, எழுபத்தைந்து வயதில் அந்த அம்பைப் பிடித்துப் போய்ப் பாருங்கள். ஓய்வுபெற்ற யூதப் பெரியவர்கள் நிறைந்த ஊர் அது. அங்கே, யூதர்களுக்கு ஆகாதவர் என்று பெயரெடுத்த புக்கானனுக்கு 3,400க்கு மேல் வாக்கு! அவரே தொலைக்காட்சியில், இதில் பெரும்பாலானவை எனக்கு வந்திருக்க வாய்ப்பில்லை என்று ஒப்புக்கொண்டார். ஜெயிக்காதவர்கூட வாக்கைத் திருப்பிக் கொடுக்க முன்வந்த அதிசயம், நடுவர் அவர்களே!

தவறான ஓட்டையைக் குத்திவிட்டோம் என்று உடனே தெரிந்துகொண்டவர்கள் என்ன செய்தார்கள்? சரியானதையும் சேர்த்துக் குத்தினார்கள். இரண்டு ஓட்டை, செல்லாத வாக்கு. புதுச் சீட்டு கேட்கலாம் என்ற விதி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இப்படிப் பாழானவை 19,000க்கு மேல். 537ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"சீட்டை வடிவமைத்தது யார்?" என்று அம்மையார் விரலை நீட்டுவது தெரிகிறது. ஜனநாயகக் கட்சிக்காரர்தான். பத்து வேட்பாளர்களை ஒரே பக்கத்தில் போட்டால் எழுத்து சிறுத்துவிடும், பெரியவர்களுக்குக் கஷ்டம் என்று நல்லெண்ணத்தில் இரண்டு பக்கமாக்கினார். மாதிரிச் சீட்டு முன்கூட்டியே வெளியானது. இரண்டு கட்சியிலும் ஒருவர் வாய் திறக்கவில்லை. ஆகவே, தோற்ற கட்சிக்கு இதில் பொறுப்பு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் என்ன பொறுப்பு? கூடம் கட்டும்போது மட்டம் வைத்துப் பார்க்காத பொறுப்பு. ஆட்டம் தெரியாத குற்றம் வேறு, அம்மா. இரண்டையும் ஒரே இலையில் பரிமாறாதீர்கள்.

சரி, சரியான ஓட்டையையே குத்தினார் என்று வைத்துக்கொள்வோம். பிழைத்தாரா? கருவியைப் பாருங்கள். அட்டையை மேலே உள்ள துளைக்குள் செருக வேண்டும். அதன் இரண்டு துவாரமும் இரண்டு முளையில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் அட்டை நகர்ந்து, குத்து வேறிடத்தில் விழும். அட்டையில் பெயர் கிடையாது, எண் மட்டும். வெளியே எடுத்துப் பார்த்தாலும் யாருக்குக் குத்தினோம் என்பது புரியாது. குத்தினால் நான்கு மூலையில் ஒட்டியிருக்கும் குட்டித் துண்டு அறுந்து, அடியில் உள்ள ரப்பர் பட்டைக்குள் விழ வேண்டும். ரப்பர் இறுகினாலும், பழைய துண்டுகள் அடியில் குவிந்தாலும் அது முழுதாக அறுவதில்லை.

அந்தத் துண்டுக்கு 'சாட்' என்று பெயர். கடற்கரையில் விற்கிற சாட் இல்லை. ஒரு மூலை ஒட்டியிருந்தால் தொங்கும் சாட். இரண்டு மூலை ஒட்டியிருந்தால் ஊஞ்சல் கதவு. நான்கு மூலையும் ஒட்டிக்கொண்டு வயிறு மட்டும் உப்பியிருந்தால்? கர்ப்பமான சாட்! நான் வைத்த பெயர் இல்லை ஐயா, உலகமே சொன்னது. வாக்குகளைக் கையால் மறுபடி எண்ணியபோது, பிரவார்ட் மாவட்டத்தில் நீதிபதி ஒருவர் அட்டையைத் தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தார். உலகத்தின் பெரிய வல்லரசு, வாசலில் நின்று பிரசவ அறைச் சேதிக்குக் காத்திருந்தது. பெண்ணா பிள்ளையா என்று இல்லை, கர்ப்பமா அஜீரணமா என்று!

இதில் பொதுவான அளவாவது இருந்ததா? பிரவார்டில் பள்ளம் விழுந்திருந்தாலே வாக்கு என்று படியைக் குவித்து அளந்தார்கள். பாம் பீச்சில் தலைதட்டி அளந்தார்கள், அதுவும் நடுவழியில் அளவை மாற்றிக்கொண்டு. அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் நவம்பர் 26 மாலை 5 மணி கெடு தாண்டிவிட்டது. சில மணி நேரத் தாமதம். கணக்கு செல்லாது என்றார் மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ். அவர் யார்? புஷ்ஷின் ஃபுளோரிடா பிரசாரக் குழு இணைத்தலைவர்களில் ஒருவர். ஆளுநர் யார்? புஷ்ஷின் தம்பி. கபடி ஆட்டத்தில் ஓர் அணியின் மேனேஜரே விசில் ஊதுகிறார், மைதானம் அவர்கள் வீட்டுக் கொல்லை. டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது சொன்ன காரணமும் இதுதான்: ஊருக்கு ஓர் அளவு கூடாது, சரிசெய்ய நேரமும் இல்லை. ஆக, அந்த நாட்டு நீதிமன்றமே கூடம் கோணல் என்று எழுதிக்கொடுத்துவிட்டது. 2001இல் ஃபுளோரிடா அந்தத் துளை அட்டையையே ஒழித்துக்கட்டியது. நேரான கூடத்தை யார் இடிப்பார்கள்?

டென்னசி மாநிலம் பற்றி அம்மையார் கேட்டார். கோரின் சொந்த மாநிலம், 11 தேர்வாளர் வாக்கு, தோற்றார். உண்மை. விட்டுக்கொடுத்துவிட்டேன், அடுத்து. பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடர் ஃபுளோரிடாவில் 97,000க்கு மேல் வாக்கைப் பிரித்தார் என்பதை இன்னொரு அம்மையார் பேசுவார்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிடம், ஐயா.

2001 ஜனவரி 6. தேர்வாளர் வாக்குகளை எண்ண இரு அவைகளும் கூடுகின்றன. தலைமை யார்? துணை அதிபர். துணை அதிபர் யார்? தோற்றுப்போன அதே கோர். ஃபுளோரிடாவை ஏற்கக் கூடாது என்று கீழவை உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுகிறார்கள். பெரும்பாலும் கறுப்பின உறுப்பினர்கள், அவருடைய கட்சிக்காரர்கள், அவருக்காகவே எழுந்தவர்கள். ஆட்சேபத்தில் ஒரு செனட்டர் கையெழுத்தும் வேண்டும் என்பது விதி. ஒரு செனட்டரும் போடவில்லை. கையெழுத்து உண்டா என்று அவர் ஒவ்வொருவரையும் கேட்கிறார். இல்லை என்கிறார்கள். உட்காரவைக்கிறார். தனக்காகப் பேச வந்தவர்களைத் தன் வாயாலேயே உட்காரவைக்கிறார், ஐயா. மேக்சின் வாட்டர்ஸ் என்ற உறுப்பினர், செனட்டர் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்குக் கவலையில்லை என்கிறார். கோர் சொல்கிறார்: விதிகளுக்குக் கவலை உண்டு.

பிறகு 271, 266 என்று அவரே வாசித்தார். அந்தக் கோணல் கூடத்தின் நடுவில் நேராக நின்று வாசித்தார்.

அம்மா, உங்களைத்தான் கேட்கிறேன். ஆடத் தெரியாதவரா அவர்?